முதலில் அடை, பிறகு கேள்வி

தென்காசிச் சீமையில் ஒருவருக்கு மனம் கலங்கிவிட்டால் அந்தக் காலத்தில் போவதற்குச் சில வழிகள் இருந்தன. ஆனி, ஆடியில் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார்கள். உச்சந்தலையில் எண்ணெய் தேய்த்து, இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பேரருவிக்குக் கீழே நிறுத்துவார்கள். தண்ணீர் விழுகிற வேகத்தில் புத்தி தெளியும் என்பது நம்பிக்கை. அங்கே தெளியாவிட்டால் புளியம்பட்டி அந்தோணியார் கோயில். பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு நேர்ந்துகொள்கிறவர்களும் உண்டு. துன்பம் என்று வந்தபிறகு எந்த வாசலில் நிற்கிறோம் என்று யாரும் மதம் பார்க்கவில்லை.

எங்களைப் போன்ற புராட்டஸ்டண்டு வீடுகளில் மட்டும் இந்த வழிகள் அடைபட்டிருந்தன. அருவிக்கு வேண்டுதலாகப் போகக் கூடாது, தர்காவுக்குப் போகக் கூடாது, தாயத்து கட்டக் கூடாது. ஜெபம் ஒன்றுதான் வழி. சுரண்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் தாத்தா சபை உபதேசியாராக இருந்தார். எழுபதுகளில் என் சித்திக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து சில வாரங்களில் தூக்கம் போயிற்று. பிள்ளையைத் தூக்க மாட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குக் கொண்டுபோக மாட்டாள். “ராத்திரி பூரா முகட்டையே பாத்துட்டு இருக்கா, பேசமாட்டேங்கா” என்று ஆச்சி தினமும் காலையில் சொல்வாள்.

ஜெபிக்க வந்தவர்கள் நல்லவர்கள். வெகுதூரம் சைக்கிள் மிதித்து வந்தார்கள், எங்களோடு உபவாசம் இருந்தார்கள். ஆனால் ஜெபித்து முடித்ததும் ஒவ்வொருவரும் சித்தியிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். மறைத்துவைத்த பாவம் ஏதும் உண்டா? கல்யாணத்துக்கு முன்னால் ஏதாவது நடந்ததா? வேதம் வாசிப்பதை விட்டுவிட்டாயா? விசுவாசம் ஏன் குறைந்தது? அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை. சொல்லாததே குற்றத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. சில மாதங்களில் அந்தக் கேள்விகளை அவளே தன்னிடம் கேட்கத் தொடங்கினாள். நோயோடு குற்றவுணர்வும் சேர்ந்தது.

இன்றைக்கு அதைப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று ஒரு நர்ஸ் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அன்று எங்கள் ஊரில் அந்தச் சொல் இல்லை. ஆனால் சொல் இல்லாததைவிடப் பெரிய இல்லாமை ஒன்று இருந்தது. எங்கள் கையில் இருந்த வேதப்புத்தகத்திலேயே சித்திக்குத் தேவையான மருந்து இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க யாருக்கும் தெரியவில்லை.

யோபுவின் கதையை எங்கள் சபையில் கேட்காத பிள்ளை கிடையாது. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் அவரைப் பார்க்க வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை சரி. பிறகு வாயைத் திறந்ததும் தொடங்குகிறது விசாரணை: நீ பாவம் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படி நடக்குமா? அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது கதறி வழக்காடின யோபுவிடம் இல்லை, இந்த நண்பர்களிடம். அவர்கள் பேசியது சரியல்ல என்று சொல்லி, யோபுவே அவர்களுக்காக ஜெபிக்கட்டும் என்கிறார். நாங்கள் யோபுவின் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டோமே தவிர, அவருடைய நண்பர்களுக்குக் கிடைத்த தீர்ப்பைக் கேட்கவில்லை.

சங்கீதங்களும் அப்படித்தான். நூற்றைம்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். எண்பத்தெட்டாம் சங்கீதம் விடிவே இல்லாமல் இருட்டில் போய் முடிகிறது. அதை எழுதினவனையும் வேதம் விசுவாசி என்றே வைத்திருக்கிறது. எங்கள் ஊரிலோ, சாவு வீட்டில் ஒப்பாரி வைத்த பெண்களைக்கூட “நம்பிக்கையற்றவங்க மாதிரி அழாதீய” என்று தாத்தா அடக்கியிருக்கிறார். அழுகைக்கு வேதம் ஒதுக்கிய அத்தனை பக்கங்களையும் புரட்டாமல், அழுகையை அவிசுவாசத்தின் கணக்கில் எழுதினோம்.

ஞாயிறுதோறும் ஆராதனையில் இம்மானுவேலின் இரத்தத்தைப் பாடும் ஒரு பாட்டு உண்டு. திருநெல்வேலித் திருமண்டலத்தில் அதை மனப்பாடமாகப் பாடாதவர்கள் குறைவு. ஆங்கிலத்தில் அதை எழுதியவர் வில்லியம் கூப்பர், 1731இல் பிறந்து 1800இல் இறந்தவர். வாழ்நாள் முழுக்கக் கொடிய மனச்சோர்வோடு போராடினார். சாக முயன்று, 1763இல் செயின்ட் ஆல்பன்ஸில் நதானியேல் காட்டன் என்ற மருத்துவரின் மனநோய் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். காட்டன் பக்தியுள்ள மருத்துவர். அவருடைய பராமரிப்பில்தான் கூப்பர் தேறினார். பிறகு ஓல்னி என்ற ஊரில் ஜான் நியூட்டன் என்ற போதகரோடு சேர்ந்து பாடல்கள் எழுதினார். அவை 1779இல் ஓல்னிப் பாடல்களாக வெளிவந்தன. அதற்குள் 1773இல் நோய் திரும்பிவிட்டது. கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அதன்பின் அவரை விட்டு முற்றிலும் விலகவே இல்லை. அப்போது நியூட்டன் என்ன செய்தார்? தன் வீட்டிலேயே ஓராண்டுக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். அடிமைக் கப்பலில் மாலுமியாக இருந்து மனம் மாறின அந்தப் போதகருக்குப் பாவத்தையும் நோயையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. சித்தி அந்தப் பாட்டை அருமையாகப் பாடுவாள். பாட்டை எழுதின மனிதரும் தன்னைப் போலத் தூங்காமல் கிடந்தவர்தான் என்று அவளுக்கு ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

இதைவிடக் கொடிய இடம் கல்லறைத் தோட்டம். 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தில் அடக்க ஆராதனைக்கு முன்னால் ஒரு விதி இருக்கிறது. தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டவர்களுக்கு இந்த ஆராதனையை நடத்தக் கூடாது என்பது அது. கத்தோலிக்கரின் 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அப்படியே. மிஷனரிகள் வழியாக அந்த மரபு எங்கள் கிராமங்களுக்கும் வந்தது. மணி அடிக்காமல், பாட்டில்லாமல், தோட்டத்தின் ஓரத்தில் புதைக்கப்பட்டவர்களைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்கள் பிறகு கோயிலுக்குள் வரும்போது கடைசி வரிசையில்தான் உட்காருவார்கள். சட்டம் மாறிவிட்டது. 1983இல் வந்த புதிய கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992ஆம் ஆண்டுக் கத்தோலிக்க மறைக்கல்வி நூல், கடும் மனக்கலக்கமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. எங்கள் சபைகளிலும் இப்போது போதகர் ஐயர் வந்து ஆராதனை நடத்துகிறார். ஆனாலும் கடைசி வரிசை இன்னும் காலியாகவில்லை.

சித்தி எப்படித் தேறினாள் என்பதைச் சொல்ல வேண்டும். தூரத்து உறவில் ஒரு அத்தை நர்ஸாக இருந்தார். லீவுக்கு வந்தவர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, “ஜெபத்த நிறுத்தச் சொல்லல மாமா, ஜெபிச்சிட்டே பஸ் ஏறுவோம்” என்று தாத்தாவிடம் சொல்லி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாதங்களில் ஆச்சி செய்தது இரண்டே காரியங்கள். வேளைக்குக் கஞ்சி வைத்து ஊட்டினாள். சித்தியின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அறுப்பின் பண்டிகை வருவதற்குள் சித்தி பிள்ளையைத் தூக்கினாள்.

பின்னாளில் ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வுபெற்று, சபையில் ஆற்றுப்படுத்தும் பணிக்காக வேலூரில் பயிற்சிக்குப் போனபோதுதான் ஆச்சி செய்தது வேதத்திலேயே இருப்பதைக் கண்டேன். முதலாம் இராஜாக்கள் பத்தொன்பதாம் அதிகாரம். கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்ட எலியா, அதன்பின் உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிடுகிறார். தூதன் தொட்டு எழுப்பி, கனலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். மறுபடியும் தூக்கம். மறுபடியும் சாப்பாடு. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் முதல் கேள்வி வருகிறது. அதுவும் குற்றம் சாட்டுகிற கேள்வி இல்லை: இங்கே என்ன செய்கிறாய்? எலியா தன் மனக்குறையைக் கொட்டுகிறார். கடவுள் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டு, அதே புலம்பலை மறுபடியும் முழுதாகக் கேட்கிறார். அதன்பின் எலிசா என்ற துணையும் செய்வதற்கு வேலையும் கிடைக்கின்றன. தூக்கம், தொடுதல், உணவு, கேள்வி, செவிகொடுத்தல், துணை, பணி. மனச்சோர்வில் இருப்பவரை எந்த வரிசையில் அணுக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

வேலூரில் இன்னொரு பெயரையும் கற்றேன். ஃபிராங்க் லேக் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஒட்டுண்ணி நோய்களைப் படித்தவர், மிஷனரியாக இந்தியா வந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். அங்கேதான் அவர் பார்வை மனநோயின் பக்கம் திரும்பியது. இங்கிலாந்து திரும்பி மனநல மருத்துவம் படித்தார். 1958 முதல் போதகர்களுக்கு வகுப்புகள் நடத்தினார், 1962இல் அதற்கென ஒரு சங்கம் தொடங்கினார், 1966இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் ஒரு நூல் எழுதினார். பிற்காலத்தில் அவர் சொன்ன கருவறை அனுபவக் கோட்பாடுகளை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. ஆனால் கிறிஸ்துவின் வாழ்க்கையிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய ஒரு வரிசை இன்றும் நிற்கிறது. யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது இயேசு ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை. அதற்கு முன்பே பிதா அவரைத் தம் பிரியமான மகன் என்று அறிவித்துவிட்டார். முதலில் ஏற்பு, அடுத்து அந்த உறவில் கிடைக்கும் போஷிப்பு, அதிலிருந்து தான் யார் என்கிற மதிப்பு, கடைசியில்தான் செயல். நொந்துபோன மனிதர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்கிறார்கள் என்றார் லேக். சாதித்தால் மதிப்பு கிடைக்கும், மதிப்பு கிடைத்தால் யாராவது ஏற்றுக்கொள்வார்கள் என்று ஓடி ஓடி வற்றிப்போகிறார்கள். கிருபை என்று சபை சொல்வதும், மன ஆரோக்கியம் என்று மருத்துவர் சொல்வதும் அந்த வரிசையில் ஒன்றுசேர்கின்றன.

வேலூர் பாகாயத்தில் அந்தக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கப்பட்டது. ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் என்ற கனடா மருத்துவர் அந்தத் துறைக்கு அடித்தளம் இட்டார். மனநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பூட்டிவைப்பதே வழக்கமாக இருந்த நாளில், அங்கே உறவினர் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்க வேண்டும் என்று வைத்தார்கள். நம் நெல்லைச் சீமையிலும் முன்னோடி உண்டு. டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல்கள் மனதைத் தொடவில்லை என்று உணர்ந்து, நோயாளியாகவே இருந்து நோயாளிகளுக்கு எழுதினார். இவையெல்லாம் எங்கள் சபைகளின் சொந்தச் சொத்து. ஆனாலும் சித்தியின் பாய்க்கு அருகில் வந்து சேரவில்லை.

இப்போது நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு அருகே 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். நாடே அதிர்ந்தது. அதன்பிறகு அந்த தர்காவிலேயே தவா-துவா என்ற பெயரில் பிரார்த்தனைக்கும் மருந்துக்கும் சேர்ந்து இடம் கொடுக்கும் திட்டம் வந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் சொன்னது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மனநல மருத்துவரைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை.

நானும் சிலரோடு சேர்ந்து கோயிலையொட்டிய ஒரு அறையில் வாரம்தோறும் உட்காருகிறேன். அங்கே கேட்டதை எழுத முடியாது, எழுதவும் கூடாது. பலரும் சொன்னதைச் சேர்த்து ஒரு முகமாகச் சொல்கிறேன். பீடி சுற்றுகிற ஒரு அம்மா வருகிறார். மகன் நீட் எழுதித் தேறவில்லை, வீட்டுக்காரர் குடிக்கிறார். உட்கார்ந்ததும், “எனக்கு ஜெபம் வரமாட்டேங்குதும்மா, நான் பின்மாறிப் போயிட்டேனா?” என்று கேட்கிறார். அன்றைய ஆட்களாக இருந்தால் எந்தப் பாவத்தால் என்று தேடியிருப்பார்கள். நாங்கள் முதலில் கேட்பது, “சாப்பிட்டியளாம்மா? ராத்திரி தூங்குதியளா?” என்றுதான். எத்தனை நாளாக இப்படி, உடம்பில் வலி உண்டா, சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்று நேராகக் கேட்கிறோம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படும் என்ற பயம் தவறு. கேட்டால் மனதில் இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கிறது. நோய்க்குறி தெரிந்தால் மருத்துவரிடம் கூடவே போகிறோம்.

அதன்பிறகுதான் இறையியல். அதுவும் அவர் விரும்பினால் மட்டும். ஜெபிக்க முடியாதவருக்கு எண்பத்தெட்டாம் சங்கீதத்தை மெதுவாக வாசித்துக் காட்டினால், இப்படியும் ஜெபிக்கலாமா என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. குற்றவுணர்வு வந்தால் அதைப் பிரித்துப் பார்க்கிறோம். யாருக்காவது உண்மையாகவே தீங்கு செய்திருந்தால் மன்னிப்பும் ஈடுசெய்தலும் வழி. நோய் கொண்டுவந்து போட்ட குற்றவுணர்வுக்கு மனந்திரும்புதல் மருந்தாகாது. சிகிச்சையும் துணையும் வேண்டும். நீட்டில் தோற்ற பையனுக்கு யோர்தான் கரையின் அந்த வரிசையைச் சொல்கிறோம்: மார்க் வருவதற்கு முன்பே நீ பிரியமானவன். அவனுடைய அப்பாவுக்கும் அதையே சொல்கிறோம். அறையில் கேட்டதை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எங்களுக்குள் உடன்படிக்கை. ஒருவரின் ரகசியம் ஜெபக்குழுவின் வழியாக ஊர் முழுக்கப் போன கதைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வேற்று மதத்தவர் வந்தால் அவர் நம்பிக்கையிலேயே அவருக்கு ஊன்றுகோல் எது என்று கேட்கிறோம். மனம் உடைந்திருக்கும் நேரத்தில் ஒருவரை நம் பக்கம் இழுப்பது அன்பு ஆகாது.

மாறாதவையும் உண்டு. அன்று சைக்கிளில் வந்த கேள்விகள் இன்று கைபேசியில் வருகின்றன. மாத்திரையை எறிந்துவிட்டேன், சுகமானேன் என்று மேடையில் சொல்கிற சாட்சியைப் பார்த்துவிட்டு, தேறிவந்த பிள்ளைக்கு மருந்தை நிறுத்திய பெற்றோரை அறிவேன். சில வாரங்களில் நோய் இரட்டிப்பாகத் திரும்புகிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற அதே போதகர், மனநோய்க்கு மாத்திரை போட்டால் விசுவாசக் குறைவு என்கிறார். அன்றைக்கு இருந்து இன்று குறைந்துபோனதும் ஒன்று உண்டு. அன்று மருத்துவர் இல்லை, ஆனால் ஆச்சிகள் இருந்தார்கள். எழவு வீட்டில் பதினாறு நாள் கூட இருக்க ஊருக்கு நேரம் இருந்தது. இந்தச் சாரல் மண்ணின் குற்றாலக் குறவஞ்சியில்கூட, காதலால் வாடும் வசந்தவல்லியின் கையைப் பிடித்து அவள் மனதைச் சொல்ல ஒரு குறத்தி வந்து சேருகிறாள். இன்று மருந்தும் சட்டமும் தொலைபேசி எண்ணும் வந்திருக்கின்றன. பக்கத்தில் உட்காரத்தான் ஆள் குறைவு.

சேகரத் தலைவர்களுக்கும் சபைப் பெரியவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். புலம்பல் சங்கீதங்களை வருஷத்தில் சில ஞாயிறுகளாவது ஆராதனையில் வாசியுங்கள். யோபுவின் நண்பர்கள் எங்கே தவறினார்கள் என்று பிரசங்கியுங்கள். தன்னுயிரை மாய்த்துக்கொண்டவரின் குடும்பத்தை முதல் வரிசையில் உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். மாத்திரையை நிறுத்து என்று உங்கள் மேடையில் ஒருவரும் சொல்ல அனுமதிக்காதீர்கள். மனநல மருத்துவர் ஒருவரைச் சபைக்கு அழைத்துப் பேசவையுங்கள். சுவிசேஷம் அதனால் சிறுத்துப்போகாது. கலங்கினவர் வீட்டுக்கு வேதப்புத்தகத்தோடு போகும்போது கையில் சாப்பாடும் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாளில் கேள்வி எதுவும் வேண்டாம்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது தூக்கம் போய், வாழ்வு பாரமாகியிருந்தால், அது உங்கள் விசுவாசத்தின் மீதான தீர்ப்பு அல்ல. வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை இரவும் பகலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.